கத்தரிப்பூப் புள்ளிகள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறரைக்குப் பெங்களூர். மகள் வேணி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். என்னிடம் மூட்டை ஒன்று, பை இரண்டு. மிளகாய் வற்றல் ஐந்து கிலோ, சாத்தூர் சேவு, கருப்பட்டி, அவள் அம்மா திரித்துக் கொடுத்த இட்லிப் பொடி. “ஒரு கடையையே கொண்டாந்துட்டீங்களேப்பா” என்றாள். கடையை விட்டுவிட்டு வந்த ஆளிடம் சொல்கிற பேச்சா இது?

இந்த டைரி சாக்குக் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. முப்பது வருஷமாக எழுதுகிறேன். விருதுநகரில் இருக்கும்போது வற்றல் வரத்து எப்படி, மழை உண்டா, யார் வந்து போனார், அத்தோடு சரி. இங்கே வரத்தும் கிடையாது, வந்து போக ஆளும் கிடையாது. கண்டதை எழுத வேண்டியதுதான்.

ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்திருக்கிறேன். கடையை மச்சினன் சேர்மக்கனி பார்த்துக்கொள்கிறான். “அத்தான், கோணி ஊசி புடிச்ச நாள்ல இருந்து ஒரு லீவு எடுத்ததில்ல. போய் மக கூட இருந்துட்டு வாங்க” என்று அவனே டிக்கெட் போட்டான். கொச்சிக்குப் போன நம் சரக்கு லாரியோடு திரும்பி வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அது சரக்கு வைக்கிற கிட்டங்கியில் டியூப் லைட் மங்கிப் போனதால் வந்த வினை. முதல் தரத்தில் வெளிறிய காய் கலந்திருந்ததாம். மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லைட்டை.

வேணியின் வீடு மூன்றாவது மாடி. நல்ல காற்று. சுவருக்கு பிஸ்கட் நிறம் அடித்திருக்கிறார்கள், அழுக்கு தெரியாது. சொன்னேன். “பிஸ்கட்டா? வெள்ளைப்பா” என்றாள். வெள்ளை என்று சொல்லி வீட்டுக்காரன் ஏமாற்றியிருப்பான்.

ஜூன் 4, புதன்

இந்த ஊரில் தமிழ்ப் பேப்பரை மை இல்லாமல் அடிக்கிறார்கள். தலைப்பு மட்டும் படித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால், “வானத்துல ஆராய்ச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. இன்று மதியம் சாப்பிட்டு உட்கார்ந்ததும் நேராகக் கேட்டேன்.

“சரக்கு என்னத்தா? அதச் சொல்லு.”

சிரித்துவிட்டு கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

எங்கோ ஒரு கருந்துளை. நம் சூரியனைப் போல நூறு கோடி சூரியன் எடை. உள்ளே போனது எதுவும் வெளியே வராது. ஆனால் உள்ளே விழுவதற்கு முன்னால் வாசலில் சுழன்றுகொண்டிருக்கிறதே, அதில் கொஞ்சத்தை எடுத்து ஊசி மாதிரி ஒரு தாரையாக வெளியே பீய்ச்சுகிறது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில். அந்தத் தாரை தற்செயலாக நேரே நம்மைப் பார்த்து நிற்கிறது. “டார்ச்ச மூஞ்சிக்கு நேரா அடிச்ச மாதிரிப்பா. அதனாலதான் இம்புட்டுத் தூரத்துக்கும் தெரியுது.” எப்போதாவது அந்தத் தாரை திடீரென்று வெடித்து மின்னும். சில மணி நேரம். பிறகு அடங்கிவிடும். அது ஏன் என்று உலகத்தில் ஒருவருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. அந்த மின்னலைப் பிடிப்பதுதான் இவள் வேலை.

“எம்புட்டுத் தூரம்?”

“அங்க இருந்து கெளம்புன வெளிச்சம் இங்க வந்துசேர எழுநூறு கோடி வருசம்.”

“பூமிக்கு வயசு?”

“நானூத்தம்பது கோடி.”

கணக்கு எனக்கு உடனே விழுந்துவிட்டது. பூமியே இல்லாதபோது புறப்பட்ட சரக்கு.

“அப்ப யாருக்கு அனுப்புனான்?”

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. குண்டூரில் ஏற்றினால் விருதுநகரில் இறங்குவதற்குள் எத்தனை பேர் கை படுகிறது, எத்தனை மூட்டை கிழிகிறது, வெயிலில் காய்ந்து எவ்வளவு எடை போகிறது என்று பார்த்தவன் நான். விலாசமில்லாமல், கட்டு இல்லாமல், கிழக்கும் மேற்கும் பிறக்காத காலத்தில் ஏற்றியது, நான் சாம்பார் சாதம் தின்றுகொண்டிருக்கும்போது வந்து இறங்குகிறது.

“வழியில ஒண்ணுமே கொறையாதா?”

“கொறையும். வெளிச்சம் இழுபட்டு நீளும். நெறம் செவப்புப் பக்கமா சாயும்.”

ஆக அதற்கும் வழிச் சேதாரம் உண்டு. மனசுக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்தது. ஆனால் நம் சரக்கு வழியில் சிவப்பு வெளிறும், அந்தச் சரக்கு வழியில் சிவக்கிறது. இரண்டு நாழிகை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

வேணி ஆபீஸ் போகும்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எனக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். அதில் ஒரு பக்கம். மேலே சுற்றுகிற சின்னத் தொலைநோக்கி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் வானத்தை வலம் வருகிறது, கூர்க்கா மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தாரை எவ்வளவு பிரகாசம் என்று கறுப்புத் திரையில் புள்ளி வைக்கிறது. நடுவில் ஒரு கோடு. எனக்கு இது கடையில் விலைப்பலகை பார்ப்பது மாதிரி பழகிவிட்டது.

ஆரஞ்சுப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இன்று ஒன்றுமில்லை.

வேணியின் அம்மா ராஜகனி போன் செய்தாள்.

“ஏங்க, அந்தக் கண் டாக்டர்ட்ட போனீங்களா? சீட்டு பைக்குள்ளதான் வச்சேன்.”

“போன் பண்ணேன். கூட்டமாம்.”

“பெங்களூர்ல உள்ள கூட்டம் பூரா கண் டாக்டர் வீட்டு வாசல்லயா நிக்கிது? வேணிட்ட போனக் குடுங்க.”

“அவளுக்கு ஆயிரம் சோலி. அவகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத” என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்துபோய்க் காய் வாங்கி வந்தோம். இங்கே கத்தரிக்காயை எடைக்குப் போடும்போது விற்பவன் முகத்தைப் பார்த்தேன். காம்பைத் திருப்பி வைத்துப் போடுகிறான். புழு ஓட்டையை மறைக்கத்தான். வேணி சிரித்துக்கொண்டே நான்கைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

திரும்பும்போது அவளுக்கு என்ன இழுபறி என்று சொன்னாள். கூர்க்காத் தொலைநோக்கிக்குக் கூர்மை போதாது. மேலே இன்னொன்று இருக்கிறது, பெரியது. அது உலகம் பூரா ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிற பண்டம். மின்னல் வருகிறபோது, “உடனே இந்தப் பக்கம் திருப்புங்கள்” என்று கேட்க இவளுக்கு இரண்டு தடவை உரிமை கொடுத்திருந்தார்கள். ஒன்றைப் பிப்ரவரியில் கேட்டுவிட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் புஸ்ஸென்று அடங்கிவிட்டது. இன்னொன்று மிச்சம். ஜூன் முப்பதோடு அதுவும் காலாவதி.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எம் ப்ராஜெக்ட்டும் முடியிது. கையில ஒரு நல்ல மின்னல் இருந்தா நீட்டிப்பாங்க. இல்லன்னா வேற வேல தேடணும். இந்தத் தாரைய வேற யாராவது பாத்துக்குவாங்க.”

வேலை போவதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. தாரையை வேறு யாராவது என்னும்போது மாறியது.

மின்னல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று பார்த்தால், மின்னுகிற இடம் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாமாம். எட்டிப் பார்க்க முடியாத இடத்தின் அகலத்தை. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

“இந்தா பாரு. போன் இல்லாத காலத்துல குண்டூர் வெல ஏறுச்சுன்னு தந்தி வரும். தெரு இந்த முனையில உள்ள கடக்காரன் வெலய மாத்துவான். அத அடுத்தவன் பாத்து மாத்துவான். அந்த முனைக் கடையில மாற கால் மணி நேரம் ஆகும். அப்ப பஜாரு மொத்தமும் கால் மணி நேரத்துல மாறுச்சுன்னா, அந்தப் பஜாரு ஒரு ஆளு கால் மணி நேரத்துல ஓடுற தூரத்தவிடப் பெருசா இருக்க முடியாது. அதானே?”

வேணி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “அப்பா, இதச் சொல்லிக்குடுக்க நான் ரெண்டு க்ளாஸ் எடுக்குறேன்.”

“அங்க ஓடுற ஆளு யாரு?”

“வெளிச்சம்தான். அதவிட வேகமா ஓட ஆளில்ல.”

ஜூன் 13, வெள்ளி

இன்று ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

இன்றும் ஒன்றுமில்லை. வேணி வந்து, “காலையில கொஞ்சம் துள்ளுச்சு பாத்தீங்களாப்பா?” என்றாள். ஆரஞ்சுப் புள்ளி ஒன்று ஒரு நூல் மேலே இருந்த மாதிரித்தான் இருந்தது. ம் என்றேன்.

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இந்த ஊர் அடுப்பில் நீல ஜுவாலையே கிடையாது, எரிகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

ஒன்றுமில்லை. மழை. சேர்மக்கனி போன் செய்தான், கொச்சிக்காரர் அடுத்த சரக்குக்குத் தன் ஆளையே அனுப்பித் தரம் பார்ப்பாராம். வந்து பார்க்கட்டும். என் கண்ணுக்கு மேல் ஒரு கண் வைக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்கு எனக்கு வேலை கொடுத்திருக்கிறாள்.

அவள் ஆபீசில் நுழைவுத் தேர்வாம். மதியம் இரண்டிலிருந்து ஐந்தரை வரை மேற்பார்வைக்கு இருக்க வேண்டும், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கூட வேலை பார்க்கும் தேபு என்ற வங்காளப் பையன் தங்கை கல்யாணத்துக்குக் கல்கத்தா போயிருக்கிறான். பெரிய தொலைநோக்கிக்குக் கோரிக்கை அனுப்ப அவனுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தானாக வருகிற எச்சரிக்கை சரிபார்த்து வருவதற்குள் அரை நாள் ஆகிவிடுமாம்.

“மூணு புள்ளிதாம்ப்பா வரும். ரெண்டே கால், மூணே முக்கால், அஞ்சே கால். ஆரஞ்ச விட்ருங்க, அது சாதாரண வெளிச்சம். கத்தரிப்பூ நெறத்துல இருக்கு பாருங்க, அதுதான் எக்ஸ்ரே. அது கோட்டத் தாண்டுச்சுன்னா உடனே தேபுவுக்குப் போன்.”

“எனக்கா நெறம் சொல்லித் தார? நாப்பது வருசமா நெறத்தப் பாத்துக் கஞ்சி குடிக்கிறவன்.”

தேபுவும் போனில் வந்தான். கொஞ்சம் தமிழ் பேசுகிறான். “அங்கிள், நீங்க ஒரே ஒரு ரிங் குடுங்க. நான் மீன விட்டுட்டு எந்திரிச்சிருவேன்.” வங்காளி மீனை விட்டு எழுவேன் என்கிறான் என்றால் விஷயம் பெரிதுதான்.

பக்கத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இப்போது அதில் கத்தரிப்பூ நிறப் புள்ளி எதுவும் இல்லை. மின்னல் வரும்போதுதான் அது வரும்போலிருக்கிறது. வந்தால் தெரியாமலா போகும்?

ஜூன் 18, புதன்

1.30. வேணி கிளம்பிப் போனாள். வெயில் கண்ணில் கூசியது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். போன் கையில்.

2.20. ஆரஞ்சு ஒன்று வந்தது. கோட்டுக்கு வெகு கீழே. ஒன்றுமில்லை.

3.10. எழுநூறு கோடி வருஷமாக ஓடி வந்தது கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கே இருக்கும் என்று யோசித்தேன். சூரியனிலிருந்து நமக்கு எட்டு நிமிஷம் என்று வேணி சொன்னாள். அப்படியானால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அது சூரியனைவிடப் பக்கத்தில் வந்துவிட்டது. வாசல் கேட்டைத் திறக்கிற மாதிரி. கை ரோமம் எழுந்து நின்றது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

3.50. ஆரஞ்சு. ஒன்றுமில்லை.

5.20. ஆரஞ்சு. ஒன்றுமில்லை. தேபுவின் மீன் பிழைத்தது.

இதற்குக் கீழே உள்ளது எல்லாம் பிறகு எழுதியது.

ஐந்தே முக்காலுக்கு வேணி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேரே கம்ப்யூட்டருக்குப் போனாள். அப்படியே நின்றாள்.

“அப்பா. தேபுவுக்குப் போன் பண்ணீங்களா?”

“எதுக்கு? ஒண்ணுமே வரலயே.”

“மூணு புள்ளி. ரெண்டே காலுக்கே தாண்டிருக்கு. இப்ப கோட்டுக்கு அஞ்சு மடங்குல இருக்கு.”

“நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் தாயி. எந்திரிச்சு ஒண்ணுக்குக்கூடப் போகல. எழுதி வச்சிருக்கேன் பாரு.” டைரியைக் காட்டினேன்.

டைரியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். கோரிக்கை போய்விட்டதென்று சொல்லும்போது ஐந்து ஐம்பத்தெட்டு. பெரியது திரும்ப ஐந்து மணி நேரமாவது ஆகும். இரண்டே காலுக்கே அனுப்பியிருந்தால் ஏழரைக்குத் திரும்பியிருக்கும்.

சாப்பிடக் கூப்பிட்டேன். “நீங்க சாப்புடுங்கப்பா” என்றாள்.

ஜூன் 19, வியாழன்

காலை பத்து மணிக்குப் பெரியதிலிருந்து தகவல் இறங்கியது.

கூர்க்காவின் புள்ளிப்படி உச்சி நேற்று எட்டு மணிக்கே கடந்துவிட்டிருந்தது. ஏறியது போயிற்று. உச்சி போயிற்று. கிடைத்தது இறக்கம் மட்டும். ஆனால் அந்த இறக்கத்தைப் பார்த்து வேணி வாயில் கை வைத்துக்கொண்டாள். நாற்பது நிமிஷத்தில் பாதியாக விழுந்திருக்கிறது.

“நாப்பது நிமிசம்ப்பா. உங்க பஜாருக் கணக்குப் போடுங்க.”

“வெளிச்சம் நாப்பது நிமிசத்துல எதுவர ஓடும்?”

“சூரியன்ல இருந்து வியாழன் கெரகம் வர.”

தாரை நம் பக்கம் பாய்வதால் ஏதோ திருத்தமெல்லாம் போட வேண்டுமாம். போட்டாலும் அவ்வளவுதான், நம் சூரியன் வீட்டு வாசல் வளாகம் அளவு ஒரு இடம். அந்த இத்தனூண்டு இடத்திலிருந்து, பல்லாயிரம் கோடி நட்சத்திரம் உள்ள ஒரு மண்டலம் முழுவதையும் மங்கச் செய்கிற வெளிச்சம். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே ஒரு பெண்பிள்ளை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எந்த பாஷையில் சொல்வது?

உள்ளே வந்தபோது வேணி கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கூர்க்காத் தொலைநோக்கியின் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு. நேற்று மதியம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பக்கம் எக்ஸ்ரே புள்ளியை மட்டும் காட்டாமல் விட்டுவிட்டது, அதனால் உச்சி கைவிட்டுப் போனது, ஒருவர் இடைவிடாமல் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார் என்று.

“நல்லா ஒறைக்க எழுது. இவனுகளுக்கெல்லாம் மேல ஒரு ஆளு கேள்வி கேக்கணும்” என்றேன்.

“பெரிய எடத்துப் பகைப்பா. என் ப்ராஜெக்ட்ட நீட்டிக்கிற கமிட்டியில அவங்க ஆளும் ஒருத்தர் இருக்காரு. ஆனா உண்மைன்னா சொல்லித்தான ஆகணும்? நீங்க பாத்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

சேமித்து வைத்த பக்கத்தைத் திறந்தாள். விரலை வைத்தாள். “இந்தா, இந்த மூணு புள்ளிதான். எப்பிடி ஏறுது பாத்தீங்களா?”

அவள் விரல் நுனியைப் பார்த்தேன். கீழே ஆரஞ்சு வரிசை. அவள் விரலுக்குப் பக்கத்தில் வெறும் திரை.

“ஆமா” என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த வற்றலில் ஒரு பிடி எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே தரமாகத் தெரிந்தது. கைக்குத் தெரிகிறது, இது சுருங்கல், இது வழுவழுப்பு. நாற்பது வருஷத்தில் ஒரு பிடி வற்றலில் எல்லாம் ஒரே தரம் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

ஏழு மணிக்கு வேணி எழுந்து வந்து கடிதத்தை ஒருதரம் படித்துவிட்டு, “அனுப்பிர்றேம்ப்பா” என்றாள்.

“இரு. இந்தச் செவரு என்ன நெறம்?”

“என்னப்பா காலங்காத்தால?”

“சொல்லு.”

“வெள்ள. வந்த அன்னிக்கே சொன்னேன்ல.”

“எனக்கு இன்னமும் பிஸ்கட்டாத்தான் தெரியிது. லெட்டர அனுப்பாத.”

கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். புரிய நேரம் ஆகவில்லை. படித்த பெண் அல்லவா.

“நேத்து நான் வெரல் வச்சுக் காட்டுனப்ப ஆமான்னீங்க.”

“சொன்னேன்.”

“தெரிஞ்சுதா?”

“இல்ல.”

“அந்தக் கத்தரிப்பூ நெறம்? இத்தன நாள்ல ஒரு தடவையாவது?”

“அது மின்னல் வந்தாத்தான் வரும்னு நெனச்சேன்.”

“எப்பருந்துப்பா?”

“சித்திரையில இருந்து. அதுக்கு முன்னாடியே இருக்கும்.”

“அப்ப லாரி?”

“லாரியுந்தான். டியூப் லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுச்சு.”

அவள் கோபப்படுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். பட்டாள். உச்சி போனதற்கு இல்லை. “கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தேபுவ மண்டபத்துல உக்கார வச்சிருப்பேன், செக்யூரிட்டிட்ட சண்ட போட்டுப் போன உள்ள கொண்டுபோயிருப்பேன், என்னமாவது பண்ணிருப்பேன். நீங்க ஒழுங்காப் பாத்தும் வரலன்னு நம்பி ஊர்பட்ட பேர் மேல பழிய எழுதி வச்சிருக்கேம்ப்பா. இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா அனுப்பிருப்பேன்.”

“அதான் இப்பச் சொல்லிட்டேன்ல.”

“பத்து நிமிசத்துல சொன்னீங்க. நல்ல வேள.” பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னாள். “கண்ணு தெரியாத ஆளப் புடிச்சு கூர்க்காவுக்கே கூர்க்காவாப் போட்டிருக்கேன். தேபு கேட்டா மீன் முள்ளு தொண்டையில சிக்கிரும்.” சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் கண் வேண்டுமே.

ஏறின பாதி இனி கிடைக்குமா என்று கேட்டேன்.

“இல்லப்பா. அது போயிருச்சு. நம்மளத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு.”

பூசி மெழுகவில்லை. என் மகள்தான். எழுநூறு கோடி வருஷம் வந்து என் முகத்தில் விழுந்தது, நான் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது அது எனக்கும் பின்னால் போய்விட்டது. வியாபாரத்தில் எத்தனையோ கைவிட்டிருக்கிறேன், அடுத்த சரக்கு வரும். இது வராது.

வேணி கடிதத்தை அழித்தாள். பிறகு என் பைக்குள் கையை விட்டு ராஜகனி வைத்த சீட்டை எடுத்தாள். அது அங்கே இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “அம்மா ஒம்பதாந் தேதியே சொல்லிட்டாங்க. கண்ணாடி மாத்தத்தான்னு நெனச்சு, நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நானும் தப்புத்தான் பண்ணிருக்கேன்” என்றாள்.

ஜூன் 21, சனி

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரை. “அங்கிள், டீ டிகாக்‌ஷன் வழியா உலகத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்றாள். நீலமும் ஊதாவும் முதலில் அடைபடுமாம். வியாழக்கிழமை வலது கண்.

சேர்மக்கனிக்குப் போன் செய்தேன். “மாப்ள, கொச்சிக்காரருக்குச் சொல்லிரு, தப்பு கிட்டங்கி லைட்டுல இல்ல, தரம் பாத்த ஆளுகிட்ட. நானே சொல்றேன்னு சொல்லு.” “லைட்ட மாத்திட்டேனே அத்தான்” என்றான். எரியட்டும்.

ஜூன் 26, வியாழன்

இன்று எழுதுவது வேணி. அப்பா சொல்லச் சொல்ல.

வலது கண் முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வலி இல்லை. (பொய். “அம்மாடி” என்று கத்தியது வெளியே வரை கேட்டது.) நாளைக் காலை கட்டு பிரிப்பார்கள். தேபு கல்கத்தாவிலிருந்து சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தான், ருசியில்லை. (ஆறு சாப்பிட்டார்.) இறக்கத்தை மட்டும் வைத்து அறிக்கை அனுப்பியாகிவிட்டது. கமிட்டி என்ன சொல்லும் என்று தெரியாது. (தெரியாது.)

ஜூன் 27, வெள்ளி

ஒன்பது மணிக்குக் கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது டாக்டர் பெண்ணின் கையுறை. நீலம். இப்படி ஒரு நீலம் உலகத்தில் இருந்ததை நான் மறந்தேபோயிருந்தேன். ஆட்டோவில் வரும்போது தெருவையே பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சை தனிப் பச்சையாக இருந்தது. நான் கறுப்பு என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்த சட்டை கருநீலம். வீட்டுக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன்.

“வெள்ளதாம்மா” என்றேன்.

“வீட்டுக்காரர்ட்ட மன்னிப்புக் கேளுங்க.”

அடுப்பைப் பற்றவைத்தாள். நீல ஜுவாலை வட்டமாக எழுந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், வலதை மூடிப் பார்த்தேன். ஒரு கண்ணில் இருந்தது, மற்றதில் இல்லை. அடுப்பு ஒன்றுதான்.

பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

எப்படி எழுதுவது. ஆரஞ்சு வரிசை நான் பார்த்த மாதிரியே இருந்தது. அதற்கு மேலே, இத்தனை நாள் வெறும் திரையாக இருந்த இடம் முழுக்கக் கத்தரிப்பூ. செடியில் காலையில் பூத்த நிறம். ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் ஒன்று. ஒரு நாள்கூட சும்மா இருக்கவில்லை அது. ஏறி, இறங்கி, துடித்து, சின்னச் சின்னதாகத் துள்ளி, பதினெட்டாம் தேதியில் கோட்டைத் தாண்டிச் செங்குத்தாக மேலே போய், உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. நான் அமைதி என்று நினைத்த ஒவ்வொரு நாளும் அது கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறது, என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி. நான் இட்லி தின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வேணி தோளில் கை வைத்திருந்தாள்.

டைரியை எடுத்து ஜூன் 9க்குப் புரட்டினேன். ‘இன்று ஒன்றுமில்லை.’ பேனாவால் அடித்து மெழுகப் போனேன்.

“அழிக்காதீங்கப்பா. ஒரே கோடு போடுங்க. கீழ இருக்குறது தெரியணும்.”

நம் கடைப் புத்தகத்திலும் அதுதான் வழக்கம். ஒற்றைக் கோடு போட்டு, மேலே எழுதினேன்: இருந்தது. 13க்குப் போனேன். இருந்தது. 14, இருந்தது, துள்ளியது. 16, மழை, இருந்தது.

18ஆம் தேதிக்கு வந்து பேனாவைத் தூக்கிக்கொண்டேன்.

“அதையுந்தான் திருத்துங்க” என்றாள்.

“வேணாம். அது அப்பிடியே இருக்கட்டும்.”

திரையில் என்னவோ அசைந்தது. புது ஆரஞ்சு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே, கோட்டுக்கு நன்றாகக் கீழே, பூமி பிறப்பதற்கு முன்னால் புறப்பட்ட இன்னொன்று. தேபுவைக் கூப்பிடத் தேவையில்லாத சாதாரணப் புள்ளி.

மணி பார்த்துக் குறித்தேன். 11.20. இருந்தது.